துண்டுக்குள் ஐந்து நிமிடம்

அமீருதீன் பேரம் பேசாமல் விட்ட காரியங்கள் அவர் வாழ்க்கையில் இரண்டுதான். ஒன்று, ரயில் டிக்கெட். அதில் விலையை அச்சடித்துத் தொலைத்துவிட்டார்கள். இன்னொன்று, அவருடைய கல்யாணம். அதில் அவர் வாயைத் திறப்பதற்குள் சபீஹாவின் மாமா எல்லாவற்றையும் பேசி முடித்து, பிரியாணிக்கும் சொல்லிவிட்டார். மற்றபடி டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால், "மூணு நாள் போதுமே சார், நம்ம உடம்பு அவ்வளவு மோசமா?" என்பார். டாக்டரும் நாலுக்கு இறங்கி வருவார். ஒரே விலை என்று போர்டு மாட்டிய கடைக்குள் அவர் போவதில்லை. வந்த விருந்தாளியோடு பேசமாட்டேன் என்று எழுதி வைத்தமாதிரி அது, மரியாதை தெரியாத கடை என்பது அவர் கருத்து.

தொழில் அப்படி. பெரியமேட்டுத் தோல் மண்டியில் சரக்கைப் பிடித்துப் பம்மல், குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளுக்கு முடித்துக் கொடுக்கும் தரகு. தோலைத் தடவிப் பார்த்தே ஆடு எந்த ஊர்ப் புல்லைத் தின்றது என்று சொல்வார். அது உண்மையா என்று போய் ஆட்டைக் கேட்கவா முடியும்?

இரண்டாயிரத்து ஆறு, மே மாதம். தேர்தல் முடிந்து, பம்மல் சுவர்களில் சின்னங்கள் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தோல் வியாபாரம் மந்தம். பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்கு வாணியம்பாடிக்குப் போய்விட்டார்கள். அமீருதீன் வீட்டில் உட்கார்ந்து பால்காரர், கீரைக்காரி, கேஸ் சிலிண்டர் பையன் என்று ஒருத்தர் விடாமல் பேரம் பேசியதில், கீரைக்காரி அந்தத் தெருவுக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் சபீஹா விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க ஸ்கூல் சம்மர் கேம்புக்கு நீங்க வரணுங்க. பி.டி. மாஸ்டர் ஜீவானந்தம் சாருக்கு அம்மை போட்டுடுச்சு. கிரவுண்டுக்கு ஒரு ஆம்பளை வேணும். மத்தியானச் சாப்பாடு, விளையாட்டு, இது ரெண்டையும் பாத்துக்கிட்டாப் போதும்."

"சம்பளம்?"

"கிடையாது. வாலன்டியர்."

"அப்ப பாதி நாள் வரேன்."

"சும்மா செய்ற வேலைக்குமா பேரம்?" என்று சபீஹா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரியது.

பி.எட். முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள் சபீஹா. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் லீவு போட்ட டீச்சர்களுக்குப் பதிலாக அங்கொரு மாதம் இங்கொரு மாதம் போய்ப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜூனில் கணக்கு டீச்சர் இடம் ஒன்று நிரந்தரமாகக் காலியாகிறது. தாளாளர் ஞானஜோதி மேடம் இந்தக் கோடை முகாமை அவள் கையில் கொடுத்து, "இதை நடத்திக் காட்டு சபீஹா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். மேடம் எதையும் இரண்டு தடவை சொல்லும் வழக்கம் இல்லாதவர்.

"எனக்கு இந்த வேலை வேணுங்க," என்றாள் சபீஹா. "அதனால கெஞ்சிக் கேக்கறேன். அங்க வந்து பேரம் பேசாதீங்க."

"சின்னப் பசங்ககிட்ட எதுக்கு நான் பேரம் பேசப் போறேன்?" என்றார் அமீருதீன். மனதாரத்தான் சொன்னார்.

முதல் நாளே மத்தியானம் பீன்ஸ் பொரியலில் கவிழ்ந்தார். தட்டில் இருந்ததைச் சாப்பிட மாட்டேன் என்று ஒரு வாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அஞ்சு வாய் சாப்பிடுடா கண்ணா." "ஒண்ணு." "நாலு?" "ரெண்டு." "சரி, மூணு. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்." வாண்டு மூன்று வாய் சாப்பிட்டது. பக்கத்து இலை, சே, பக்கத்துத் தட்டு இதைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு!" என்றது. அந்த வரிசை முழுக்க ஏலம் எழுந்தது.

இரண்டு நாளில் முகாமில் அமீர் சார் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் ஆரம்ப விலைதான் என்று எல்லாக் குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று. விசில் அடித்து "விளையாட்டு முடிஞ்சுது" என்றால், "இன்னும் பத்து நிமிஷம் சார்!" என்று ஒரு கூட்டம் சூழ்ந்துகொள்ளும். ஊஞ்சலுக்குப் பேரம், தண்ணீர்க் குழாய்க்குப் பேரம், மண்ணில் உட்காராமல் இருப்பதற்குப் பேரம். கூச்சல் குரோம்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

இதில் தலைமைத் தரகர் ஜாஸ்மின். நாலாம் வகுப்பு போகப்போகிறவள். இவளுடைய அப்பா சவுரிமுத்து பம்மலுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். லீவில் அந்த ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து சவாரி கூப்பிட்டே தொண்டை பழகியவள். "இன்னா சார், நீ சொல்றது நாயமா கீதா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டால், அமீருதீனுக்கு அரை மனசு இறங்கிவிடும், அரை மனசு பூரித்துப்போகும். மண்டியில் இப்படி ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று!

வீடுகளிலிருந்து புகார் வரத் தொடங்கியது. "எங்க வீட்டுப் பையன் பல்லு விளக்கறதுக்கு ஒரு பக்கம் மட்டும்தான்னு பேரம் பேசறான் மிஸ்," என்று ஒரு அம்மா வாசலில் நின்று சொன்னார். சபீஹா அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வைக்கக்கூட இல்லை.

"நாளையிலேர்ந்து கிரவுண்ட் பக்கம் சத்தம் கேக்கக்கூடாது. ஒரு சத்தம்! மேடம் ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு."

"சத்தம்தானே கேக்கக்கூடாது?" என்றார் அமீருதீன்.

மறுநாள் தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு போனார்.

தோல் மண்டியில் பெரிய சரக்கு கைமாறும்போது யாரும் வாயால் விலை பேசுவதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கைகளை ஒரு துண்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். விரலைப் பிடித்தால் விலை. ஒரு விரல் ஒன்று, இரண்டு விரல் இரண்டு. சுற்றி நூறு பேர் நிற்பார்கள். துணி அசைவதுதான் தெரியும். உள்ளே ஒருவர் எவ்வளவு இறங்கினார், இன்னொருவர் எவ்வளவு ஏறினார் என்று மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. தெரியாததால் யாருக்கும் மானம் போவதில்லை. படிந்துவிட்டால் உள்ளேயே கையைக் குலுக்கிவிடுவார்கள். குலுக்கிய பிறகு நட்டமே ஆனாலும் மாற்றக்கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

குழந்தைகளுக்கு இதை அவர் விளக்கி முடிப்பதற்குள் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள். பீன்ஸா, ஊஞ்சலா என்று காதில் சொல்ல வேண்டும். பிறகு துண்டுக்குள் கை. கூச்சல் போன இடம் தெரியவில்லை. தனக்கு என்ன படிந்தது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாததால் பொறாமையும் இல்லை. இரண்டு வாய்க்குப் படிந்தவனும் நான்கு வாய்க்குப் படிந்தவனும் ஒரே மாதிரி கமுக்கமாகச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ஞானஜோதி மேடம் வராந்தாவில் நடந்துபோனவர் நின்று, அந்த அமைதியான வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெரி குட் டிசிப்ளின், சபீஹா," என்றார். சபீஹா அன்று இரவு கணவருக்கு மீன் வறுத்தாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் காய்கறி வந்தது.

முகாமின் கடைசி நாள் விழாவில் குழந்தைகள் காய்கறி வேஷம் போட்டு ஆட வேண்டும். வருஷா வருஷம் அதே ஆட்டம், அதே வேஷம். மெத்தைக் கடை ஸ்பாஞ்சில் தைத்தது, உள்ளே ஒரு குழந்தை நுழைந்தால் முகம் மட்டும் வெளியே தெரியும். ஆட்டம் நாலு நிமிஷம். அதோடு விட்டால் பரவாயில்லை. ஆடி முடித்ததும் அப்படியே மேடையில் வரிசையாக நிற்க வேண்டும். மேடம் முன்னால் நின்று பேசுவார். வீடியோவில் பின்னால் காய்கறி தெரிய வேண்டும் என்பது அவர் ஆசை. பம்மலுக்கு மேலே விமானம் போகிற வழி வேறு. ஒவ்வொரு விமானத்துக்கும் மேடம் பேச்சை நிறுத்துவார். அது போனதும் விட்ட வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். போன வருஷம் அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியதில் தக்காளி மயங்கி விழுந்தது. முட்டைக்கோஸுக்கு வேர்க்குரு ஒரு மாதம் போகவில்லை.

இந்த வருஷம் ஒத்திகைக்கு ஒரு காய்கறியும் வரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். சபீஹா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கண் கலங்குகிற கட்டத்தில் அமீருதீனைப் பார்த்தாள்.

அமீருதீன் மரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்தார். எல்லார் சார்பிலும் ஜாஸ்மின் வந்து உட்கார்ந்தாள். காதில் சரக்கைச் சொன்னாள்.

"மேடம் ஸ்பீச்சு. எத்தினி நிமிசம்னு பேசலாம் சார்."

அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும். ஆனால் துண்டுக்குள் கை போய்விட்டால் அமீருதீனுக்கு மூளை மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "பத்துப் பத்தா" என்று முணுமுணுத்து அவளுடைய மூன்று விரலைப் பிடித்தார். முப்பது நிமிஷம். அவள் அவருடைய சுண்டுவிரல் ஒன்றை மட்டும் பிடித்து, "ஒத்த ஒத்தையா" என்றாள். ஒரு நிமிஷம். அவர் இருபதுக்கு இறங்கினார். அவள் அசையவில்லை. பத்துக்கு வந்தார். அவள் வானத்தைப் பார்த்துவிட்டு, பெரிய மனசு பண்ணி இரண்டாக்கினாள். அவர் எழுந்து போகிறமாதிரி பாவனை செய்தார். "போ சார், போ. யாரு வாணாங்கிறா?" என்றாள். அவர் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

கடைசியில் ஐந்து.

"பிளேன் போற டைமும் சேத்துதான் சார்," என்று அவள் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"சேத்துதான். ஆனா எல்லாரும் ஒத்திகைக்கு வரணும், பேச்சு முடியற வரைக்கும் மேடையில நிக்கணும். பாகற்காய் யாரு?" பாகற்காய் வேஷம்தான் எல்லாவற்றிலும் கனம், உடம்பெல்லாம் மொத்தை மொத்தையாக. யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

"நானே போட்டுக்கறேன்."

குலுக்கினார்கள். ஒன்றில் நின்றவளை ஐந்துக்கு ஏற்றிவிட்ட பெருமையோடு அமீருதீன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். குழாயடியில் முகம் கழுவும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அப்போதுதான் மூளை மணிக்கட்டிலிருந்து மண்டைக்குத் திரும்பி வந்தது. மண்டியில் இல்லாத தோலை விற்றுவிட்டார்.

சாயங்காலம் சபீஹாவிடம் சொன்னார். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லக்கூடாதுதான். ஆனால் மூழ்குகிற கப்பலில் சட்டம் பேசிக்கொண்டிருக்க முடியாது. சபீஹா ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"சரக்கு யாரோடது?"

"மேடத்தோடது."

"மேடத்தைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"எனக்கு வேலை போட்டுக் கொடுக்கப் போறவங்களோட நாக்கை, என்னையும் கேக்காம, அவங்களையும் கேக்காம, ஒரு பாகற்காய்க்கு வித்துட்டு வந்திருக்கீங்க."

"நாளைக்கே மேடத்துக்கிட்டப் பேசி முடிச்சுடறேன்," என்றார் அமீருதீன்.

மறுநாள் மேடத்தின் அறைக்குப் போனார். பக்கத்து மேஜையில் கிளார்க் குப்புராஜ் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். மேடத்தின் முன்னால் பேச்சுக்கான தாள்கள் ஒரு செங்கல் கனத்துக்கு இருந்தன.

"மேடம், உங்க பேச்சு வைரம்," என்று ஆரம்பித்தார் அமீருதீன். "வைரத்தை யாரும் மூட்டை கணக்குல கொடுக்க மாட்டாங்க."

"சுத்தி வளைக்காதீங்க. என்ன வேணும்?"

"ஸ்பாஞ்சுக்குள்ள பசங்க வெந்துடறாங்க மேடம். பேச்சை ஒரு அஞ்சு நிமிஷத்துல..."

குப்புராஜின் தட்டல் நின்றது. மேடம் குப்புராஜை ஒரு பார்வை பார்த்தார். தட்டல் தொடர்ந்தது. ஆனால் இப்போது அதில் எழுத்து எதுவும் விழுகிறமாதிரி தெரியவில்லை.

"இருபது வருஷமா பேசிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தரும் அதிகம்னு சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்க மேடம்," என்றார் அமீருதீன், யோசிக்காமல்.

மேடத்தின் முகம் ஒரே விலை போர்டு ஆயிற்று. "திங்கட்கிழமை உங்க மிஸஸ் இன்டர்வியூக்கு வர்றாங்க இல்ல?" என்றார்.

அமீருதீனிடம் மிச்சம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. எழுந்து, சலாம் வைத்து, மெதுவாகக் கதவை நோக்கி நடந்தார். வாடிக்கையாளர் எழுந்து நடந்தால் எந்த வியாபாரியும் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவான். அவர் கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார்.

"மிஸ்டர் அமீருதீன்!"

முகமெல்லாம் மலரத் திரும்பினார்.

"கதவைச் சாத்திட்டுப் போங்க. ஏசி ஓடுது."

நடந்ததைக் கேட்ட சபீஹா திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள். "துண்டு போட்டீங்களா?"

"ஒரு பொம்பளை கையைத் துண்டுக்குள்ள பிடிச்சு நான் பேரம் பேசறதா? யா அல்லாஹ்!"

"அப்ப குப்புராஜ் பாக்கத்தான் பேசியிருக்கீங்க," என்றாள். பிறகு "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பேரம் முறிந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று அமீருதீன் தினமும் முடிவெடுத்தார். மரத்தடிக்குப் போவார். அங்கே காய்கறிகள் சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்னபடி ஆடிக்கொண்டிருக்கும். பாகற்காய்க்குள்ளிருந்து வியர்வை வழிய ஜாஸ்மின் அவரைப் பார்த்து, "இன்னா சார், நம்ம சைடு கரீட்டா கீதா?" என்பாள். "கரெக்டா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். பெரியமேட்டில் முதலாளிகளின் முகத்துக்கு நேரே சரக்கு மட்டம் என்று சொன்ன மனுஷனுக்கு ஒரு பாகற்காயிடம் வாய் வரவில்லை.

விழா நாள் வந்தது. மைதானத்தில் ஷாமியானா போட்டு நாற்காலி நிறைய அப்பா அம்மாக்கள். மேடையில் காய்கறிகள் பிரமாதமாக ஆடின. கத்தரிக்காய் ஒரு இடத்தில் இடப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் திரும்பி வெண்டைக்காயை இடித்ததைக்கூட ஆட்டத்தில் ஒரு பகுதி என்று எல்லாரும் நினைத்தார்கள். கைதட்டல் ஓய்ந்தது. குழந்தைகள் பேரத்தில் ஒப்புக்கொண்டபடி அசையாமல் வரிசையில் நின்றார்கள். ஒருத்தன்கூடக் கீழே இறங்கவில்லை. எல்லார் கண்ணும் அமீருதீன் மேல். ஜாஸ்மின் ஸ்பாஞ்சிலிருந்து கையை வெளியே இழுத்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

முன்வரிசையில் மேடம் செங்கல் கனத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அமீருதீன் எழுந்தார். எல்லார் முன்னாலும் இன்னொரு தடவை கேட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். கேட்டால் சபீஹாவின் வேலை போகும். கேட்காவிட்டால் இந்தப் பிள்ளைகள் முன்னால் இனி எந்தத் துண்டையும் விரிக்க முடியாது. இரண்டில் எது கனம் என்று நிறுத்துப் பார்க்க நேரமில்லை. கால் முன்னால் போய்விட்டது.

தோளிலிருந்த துண்டு பின்பக்கமாக இழுபட்டது.

"உக்காருங்க," என்றாள் சபீஹா. துண்டோடு நேரே முன்வரிசைக்குப் போனாள். மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, துண்டை விரித்து, இரண்டு பேர் மடியும் மூடுகிறமாதிரி போட்டாள். பொன்னாடை போர்த்துகிறார்கள் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். உடனே பந்தல் முழுக்கக் கைதட்டிற்று. அந்தச் சத்தத்தில் சபீஹா மேடத்தின் காதில் எதையோ சொன்னாள்.

மேடம் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு பேருடைய வலது கைகளும் துண்டுக்குள் மறைந்தன.

முகத்தைப் பார்த்து விலையைப் படிப்பது அமீருதீனின் பிழைப்பு. எந்த முதலாளியானாலும் இமையில் ஒரு துடிப்பு, உதட்டில் ஒரு ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெண்களும் மேடையைப் பார்த்தபடி கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். துணி மட்டும் அசைந்தது. நின்றது. சபீஹா மறுபடி காதில் ஏதோ சொன்னாள். இந்த முறை மேடம் சட்டென்று திரும்பி அமீருதீனை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். அவருக்கு அந்தப் பார்வை தெரியும். எங்கே பார்த்தது என்றுதான் நினைவுக்கு வரவில்லை. துணி மறுபடி அசைந்தது. மேடத்தின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து, அவசரமாக ஒளிந்துகொண்டது.

துண்டுக்குள் கை குலுங்கியது.

மேடம் தாள்கட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு மேடை ஏறினார். குப்புராஜ் பதறிப்போய் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியதற்கு, வேண்டாம் என்று கையசைத்தார். பேசினார். நன்றாகவே பேசினார். தாள் இல்லாததால் குழந்தைகளைத் திரும்பிப் பார்த்துப் பேச முடிந்தது. நடுவில் ஒரு விமானம் தாழ்வாக வந்தது. பழக்கமுள்ள பெற்றோர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். மேடம் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தி விமானத்தோடு போட்டி போட்டார். போட்டியில் விமானம்தான் விலகிப் போயிற்று.

"கடைசியா இரண்டு விஷயம்," என்றார். "சபீஹா மிஸ் ஜூன்லேர்ந்து நம்ம ஸ்கூல்ல கணக்கு டீச்சரா சேர்றாங்க. இன்டர்வியூ இப்பத்தான் முடிஞ்சுது."

அமீருதீன் விரல் வலிக்கக் கைதட்டினார்.

"இரண்டாவது. அவங்க ஹஸ்பண்ட் அமீருதீன் சார், இனிமே சனிக்கிழமைகள்ல வந்து நம்ம பசங்களோட கிரவுண்டைப் பாத்துக்க மனசார ஒத்துக்கிட்டிருக்காங்க. நன்றி. வணக்கம்."

கைதட்டிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அந்தப் பார்வையை எங்கே பார்த்தோம் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. மண்டியில் தோலைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பேசியது பேச்சைப் பற்றி என்று நினைத்திருந்தார். பேச்சுக்கு எதிராகத் தராசில் ஏறிய சரக்கு அவர்தான்.

மேடையில் பாகற்காய் எல்லாரையும் விட உரக்கக் கத்தியது: "சார், அஞ்சு கூட ஆவல சார்! எங்களுக்கு லாபம் சார்!"

குழந்தைகள் ஸ்பாஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு ஐஸ்கிரீம் மேஜைக்கு ஓடினார்கள். ஷாமியானா ஓரத்தில் அமீருதீன் சபீஹாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை வித்துட்டே."

"சரக்கு என் வீட்டுச் சரக்குதான். இல்லாததை நான் விக்கல," என்றாள் சபீஹா. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள், "அவங்க ஜன்னல் வழியா எத்தனை நாளா அந்தத் துண்டையே பாத்துட்டிருந்தாங்க தெரியுமா? அவங்களுக்கு எல்லாரும் 'எஸ் மேடம்'தான். எதுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது. குப்புராஜ் பாக்க எறங்கி வர முடியுமா அவங்களால? துணிக்கு அடியில எறங்கி வந்தாங்க. சந்தோஷமா வந்தாங்க."

மண்டிச் சட்டமெல்லாம் தெரிந்தவர் அமீருதீன். அந்தச் சட்டம் எதற்காக என்பது துணி மடிக்கிறவளுக்குத்தான் புரிந்திருக்கிறது. அதை அவர் வாய்விட்டு ஒப்புக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சனிக்கிழமைகள்னா எத்தனை?" என்று கேட்டார்.

"அது இன்னும் முடிக்கல. மேடம் சார்புல பேசச் சொல்லி என்கிட்ட விட்டிருக்காங்க. மாசத்துக்கு எத்தனைன்னு பேசிக்கலாமா?"

கையிலிருந்த துண்டைத் தன் வலது கைமேல் போட்டு நீட்டினாள். அமீருதீன் சுற்றுமுற்றும் பார்த்தார். பம்மலில் பாதி ஜனம் அங்கேதான் இருந்தது. கையை உள்ளே விட்டார். அவள் அவருடைய நான்கு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய சுண்டுவிரல் ஒன்றைப் பிடித்தார்.

"விட மாட்டேன்," என்றாள் சபீஹா, மேடையைப் பார்த்தபடி.

"நானும்தான்," என்றார் அமீருதீன், வேறு பக்கம் பார்த்தபடி.

ஐஸ்கிரீம் வாங்கிக்கொள்ள இரண்டு தடவை கூப்பிட்டார்கள். பேரம் நடக்கிறது என்று ஜாஸ்மின் அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பினாள். சீக்கிரம் படிய வேண்டும் என்று அமீருதீனுக்கு ஒன்றும் அவசரமில்லை.